நடுவே நிற்கும் சுண்ணாம்பு

(களமருதூரில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



என்ன தலைப்பு என்று கேட்டார்கள். சுண்ணாம்பு என்றேன். “வெற்றிலைக்குத் தடவுறதா, சுவத்துக்கு அடிக்கிறதா?” என்றார் ஒரு பெரியவர். இரண்டும் இல்லை ஐயா, தண்ணீருக்குள் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் சுண்ணாம்பு. கால்சியம் அயனி என்று பள்ளிக்கூடத்தில் பெயர். அது நம் வீட்டு அடுப்பிலும், கரும்பாலையிலும், வீட்டுத் தளத்திலும் ஒரே வேலையைப் பார்க்கிறது. அந்த ஒரு வேலையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அடுப்பிலிருந்தே தொடங்குவோம். உப்புத் தண்ணியில் பருப்பு வேகாது. இது இங்கே எல்லாருக்கும் தெரியும். போர் தண்ணீரில் துவரம்பருப்பைப் போட்டுவிட்டு எத்தனை விசில் விட்டாலும் பருப்பு கல்லுக்குண்டாகவே கிடக்கும். மழைத் தண்ணீரிலோ ஆற்றுத் தண்ணீரிலோ போட்டால் குழைந்துவிடும். காரணம் இதுதான். பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்கிற பசை. பெக்டின் ஒரு நீளமான சங்கிலி, பாலிமர். தமிழில் பலபடி. அந்தச் சங்கிலி நெடுக எதிர்மின்னூட்டம் இருக்கிறது. கால்சியம் அயனிக்கு நேர்மின்னூட்டம், அதுவும் இரண்டு. இரண்டு சங்கிலிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். செல்கள் பிரியாது, பருப்பும் குழையாது. ஒரு சிட்டிகை சோடா உப்பைப் போடுகிறோமே, அது தண்ணீரில் உள்ள கால்சியத்தைப் படிய வைத்து அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. வேதியியல் படிக்காமலே நம் வீட்டுப் பெண்கள் கால்சியத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

குடிநீரில் கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தரநிர்ணய அமைப்பு. இந்த 200-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சிமெண்டுக்கு வரும்போது வேண்டியிருக்கும்.

இப்போது ஒரு பிடி மணலை எடுத்துக்கொள்வோம். தண்ணீரில் போட்டால் மணல் துகளின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் பெறும். களிமண் துகளின் முகமும் அப்படியே. நாம் சேர்க்கும் பசைகள், கொழகொழப்புகள், ஆலைகளில் தயாராகும் பாலிமர்கள் பலவும்கூட எதிர்மின்தான். இரண்டும் ஒரே ஜாதி மின்னூட்டம், ஒன்றையொன்று தள்ளும். அப்படியிருந்தும் பல நேரம் பாலிமர் மணலில் போய் ஒட்டிக்கொள்கிறது. இதைப் பரப்புக் கவர்தல் என்பார்கள். உள்ளே உறிஞ்சப்படுவது வேறு, இது மேற்பரப்பில் படர்ந்து ஒட்டுவது. தள்ளவேண்டியது எப்படி ஒட்டுகிறது?

மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்குச் சொன்னால் புரியும். விற்பவர் ஒருபக்கம், வாங்குபவர் ஒருபக்கம் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். நடுவே தரகர். துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, இவர் விரலை ஒரு கையால், அவர் விரலை இன்னொரு கையால் பிடிப்பார். வியாபாரம் முடிந்துவிடும். கால்சியம் அந்தத் தரகர். ஒரு கை மணலுக்கு, மறு கை பாலிமருக்கு. சோடியத்துக்கு ஒரே ஒரு மின்னூட்டம்தான், அதனால் இந்தத் தரகு வேலைக்கு லாயக்கில்லை. இந்த உவமையில் ஒரு குறை உண்டு. சந்தையில் தரகர்கள் அதிகமானால் என்ன ஆகும் என்பதை அது இன்னும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

புதுவெள்ளம் வந்தால் ஏரித் தண்ணீர் செம்மண் கலங்கலாக இருக்கும். அந்தக் காலத்தில் குடத்தின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையைத் தேய்த்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைப்பார்கள். விடிந்து பார்த்தால் மேலே தெளிவு, அடியில் சேறு. கலித்தொகையிலேயே இந்த மரம் ‘இல்லம்’ என்ற பெயரில் வருகிறது. அதன் விதையைக் கொண்டு தேற்றிய கலங்கல் நீர் தெளிவதை ஒரு பெண்ணின் மனம் தெளிவதற்கு உவமை ஆக்கியிருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் என்று மேடையில் மார்தட்டலாம். எனக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை. எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் ஆர்வம்.

தேத்தாங்கொட்டையிலிருந்து கரைந்து வருவது எதிர்மின் தன்மையுள்ள நீளச் சங்கிலிகள் என்று தண்ணீர்ச் சுத்திகரிப்பு நூல்கள் சொல்கின்றன. களிமண்ணும் எதிர்மின். ஆகவே நேரடியாக ஒட்ட நியாயமில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் போன்ற இரட்டை மின்னூட்ட அயனிகள் நடுவே நின்று பாலம் போடுகின்றன. ஒரு சங்கிலியின் ஒரு முனை ஒரு துகளிலும், மறுமுனை இன்னொரு துகளிலும் ஒட்டும். நான்கு துகள் சேர்ந்தால் கனம், கனம் கூடினால் அடியில் படியும். இப்போது யோசித்துப் பாருங்கள். சுத்தமான மழைத் தண்ணீரில் கலங்கிய களிமண் நாள்கணக்கில் தெளியாமல் நிற்கும். கடினத் தண்ணீரில் அதே மண் தானாகவே சீக்கிரம் உட்கார்ந்துவிடும். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் ஒரு காரியத்துக்கு உதவும்.

நம் மாவட்டத்தில் இந்த வேதியியல் தினம் நடக்கும் இடம் கரும்பாலை. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. அரைத்த கரும்புச் சாறு கலங்கலாக, கரும்பச்சையாக இருக்கும். அதைச் சூடாக்கிச் சுண்ணாம்புப் பாலை ஊற்றுவார்கள். சாற்றில் இயல்பாக உள்ள பாஸ்பேட்டோடு கால்சியம் சேர்ந்து படிவாகித் திரியும். அந்தத் திரி அழுக்கையெல்லாம் வாரிக்கொள்ளும். ஆனால் சின்னச் சின்னத் திரியாக இருந்தால் படிய நேரமாகும். அதனால் பத்து லட்சம் பங்கு சாற்றுக்குச் சில பங்கு என்ற அளவில் எதிர்மின் பாலிமர் ஒன்றைச் சேர்ப்பது சர்க்கரை ஆலைகளின் வழக்கம். அது திரிகளைக் கோத்துப் பெரிதாக்கி அடியில் தள்ளிவிடும். நாட்டு வெல்லம் காய்ச்சும் இடங்களில் வெண்டைத் தண்டை நசுக்கி அதன் கொழகொழப்பை ஊற்றி அழுக்கெடுக்கும் வழக்கம் இந்தியாவின் பல பகுதிகளில் உண்டு. கூடவே ஒரு கை சுண்ணாம்பும் போடுவார்கள். வெண்டைப் பசையும் எதிர்மின் சங்கிலிதான். பெரிய ஆலையும் கொப்பரை அடுப்பும் செய்வது ஒரே காரியம். சுண்ணாம்பு இல்லாமல் பசை மட்டும் என்றால் அந்த வேகம் வராது.

இனி மலைக்குப் போவோம். கல்வராயன் மலையிலிருந்து வரும் வனப்பொருள்களில் முக்கியமானது கடுக்காய். மலையாளிப் பழங்குடி மக்கள் காட்டில் பொறுக்கிக் காயவைத்து இறக்குகிறார்கள். அந்தக் கடுக்காய்க்கு இரண்டு பெரிய வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள், மருந்துக் கடையை விட்டுவிட்டால். ஒருவர் தோல் பதனிடுபவர். மற்றவர் கட்டடம் கட்டுபவர். இந்த இருவரும் சுண்ணாம்பு விஷயத்தில் நேர் எதிர்.

கடுக்காயில் துவர்ப்பு தருவது டேனின். தோல் பதனிடும் இடத்தில் முதலில் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைப்பார்கள், மயிர் உதிர வேண்டுமல்லவா. அதற்குப் பிறகு அந்தச் சுண்ணாம்பை வேலை மெனக்கெட்டுத் தோலிலிருந்து கழுவி எடுத்துவிட்டுத்தான் கடுக்காய்ச் சாற்றுக்கு அனுப்புவார்கள். கழுவாமல் விட்டால் தோலில் ஒட்டவேண்டிய டேனினைக் கால்சியம் பிடித்துக்கொள்ளும், தோலில் கருப்புத் திட்டு விழும், சரக்கு கெட்டுப்போகும். கொத்தனாரோ கடுக்காய் ஊறிய தண்ணீரைத் தேடிப்போய்ச் சுண்ணாம்பில் ஊற்றுகிறார். அங்கே கெடுதலான அதே பிடிப்பு இங்கே அவருக்கு வேண்டியிருக்கிறது.

சுண்ணாம்புக் கலவையில் கால்சியம் கொள்ளை கொள்ளையாக இருக்கிறது. தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்கு மேல் சுண்ணாம்பு கரைந்திருக்கும். காரமும் கடுமை, பிஎச் 12-ஐத் தாண்டும். அந்தக் காரத்தில் டேனின் மூலக்கூறுகள் எதிர்மின்னூட்டம் பெற்று, சுண்ணாம்புத் துகள்களின் மேல் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு படர்கின்றன. படர்ந்த துகள்கள் ஒன்றோடொன்று உராயாமல் வழுக்குகின்றன. கொத்தனார் பாஷையில் ‘கலவை வெண்ணெய் மாதிரி வருது’. காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கிச் சுண்ணாம்பு மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாக மாறும்போதும் இந்தப் படலம் குறுக்கே நின்று படிகங்களைப் பெரிதாக வளரவிடுவதில்லை. படிகம் பொடியாக இருந்தால் கட்டு நெருக்கமாக இருக்கும். சீனாவில் பழைய கோட்டைச் சுவர்களில் ஒட்டரிசிக் கஞ்சி கலந்த சுண்ணாம்பை ஆராய்ந்த செஜியாங் பல்கலைக்கழகக் குழுவும் 2010-இல் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தது. அரிசியின் மாவுச்சத்துச் சங்கிலி சுண்ணாம்புப் படிகத்தின் வளர்ச்சியை அடக்கி வைக்கிறது என்று. இங்கே கடுக்காயும் வெல்லமும் போட்ட கலவைகளை வேலூர் விஐடி ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சோதித்து வருகிறார்கள். உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு உளுந்தைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். ஊறவைத்து அரைத்த உளுந்தின் பசையையும் பூச்சுச் சுண்ணாம்பில் சேர்த்திருக்கிறார்கள். கைக்கு வந்த எந்தக் கொழகொழப்பையும் நம் ஆட்கள் விட்டுவைக்கவில்லை.

சரி, இதெல்லாம் பழைய கதை. இன்று வீடு கட்டுவது சிமெண்டில்.

சிமெண்டுக் கலவையில் தண்ணீர் குறைவாக இருந்தால்தான் உறுதி. ஆனால் தண்ணீரைக் குறைத்தால் கலவை சட்டியிலிருந்து விழாது. சிமெண்டுத் துகள்கள் தண்ணீரில் உருண்டை பிடித்துத் தங்களுக்குள் தண்ணீரைப் பூட்டிவைத்துக்கொள்ளும். இந்தப் பூட்டை உடைக்கத்தான் பாலிமரைத் தேடினார்கள். காகித ஆலைக் கழிவான லிக்னோசல்போனேட்டில் தொடங்கி, 1960-களில் ஜப்பானில் நாப்தலின் வகை, ஜெர்மனியில் மெலமின் வகை என்று வந்தது. 1980-களில் ஜப்பானில் பாலிகார்பாக்சிலேட் வந்த பிறகு மற்றவை பின்வாங்கின. ரெடிமிக்ஸ் லாரியில் ‘அட்மிக்சர்’ என்று ஊற்றுகிறார்களே, அது இன்று பெரும்பாலும் இந்த வகை. 50 கிலோ மூட்டைக்குச் சில நூறு கிராம் திரவம் போதும், கலவை தண்ணீர் மாதிரி ஓடும்.

இந்த மூலக்கூறு பார்ப்பதற்குச் சீப்பு மாதிரி. முதுகுத்தண்டில் எதிர்மின்னூட்டம். பற்கள் மின்னூட்டமே இல்லாத, தண்ணீருக்குப் பிடித்தமான நீண்ட கிளைகள். முதுகு சிமெண்டுத் துகளில் ஒட்ட வேண்டும், பற்கள் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நீட்டி நிற்கும் பற்கள் பக்கத்துத் துகளைக் கிட்ட வரவிடாது. முதுகு ஒட்டாவிட்டால் எல்லாம் வீண். போட்ட காசு தண்ணீரில் மிதக்கும்.

ஒட்டுவதற்கு எது காரணம் என்று பார்க்கச் சோதனைச்சாலையில் ஒரு சுலபமான காரியம் செய்வார்கள். குவார்ட்ஸ் பொடியைக் காரத் தண்ணீரில் போட்டு, பாலிமரைச் சேர்த்துக் குலுக்கி, பொடியை வடித்துவிட்டு, மேலே நிற்கும் தண்ணீரில் எவ்வளவு கரிமம் மிச்சம் என்று அளப்பார்கள். கால்சியம் இல்லாத காரத் தண்ணீர் என்றால் போட்ட பாலிமர் ஏறக்குறைய அப்படியே தண்ணீரில் நிற்கும். மணலும் எதிர்மின், பாலிமரும் எதிர்மின், ஒட்டவில்லை. அதே குப்பியில் கால்சியம் உப்பைச் சேர்த்துவிட்டுப் பாருங்கள், பாலிமர் மணலுக்குப் போய்விடும். பருப்பும் பெக்டினும் சொன்ன கதையே குவார்ட்ஸ் பொடியிலும் நடக்கிறது.

சிமெண்டுக்குத் தண்ணீர் ஊற்றிய சில நிமிடங்களில் அந்தத் தண்ணீரில் கால்சியம் லிட்டருக்கு ஏறக்குறைய 20 மில்லிமோல் அளவுக்குப் போய்விடும். முன்னால் 200 என்றொரு எண்ணை மனதில் வைக்கச் சொன்னேனே, அந்தக் கடினத்தன்மை முழுக்கக் கால்சியமாகவே இருந்தால் அது 2 மில்லிமோல். ஆகவே சிமெண்டுக்குள் இருக்கும் தண்ணீர் அந்த 200 அளவுக் குடிநீரைவிடப் பத்து மடங்கு சுண்ணாம்புள்ளது. இங்கேதான் தரகர்கள் கூடிப்போன கதை வருகிறது.

கால்சியம் கொஞ்சமாக இருந்தால் மேற்பரப்பின் எதிர்மின்னூட்டம் சற்றுக் குறையும். சில மில்லிமோலைத் தாண்டினால் சிமெண்டு கெட்டியாகும்போது உருவாகும் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட்டின் மேற்பரப்பு குணமே மாறிவிடும். எதிர்மின்னாக இருந்தது நேர்மின்னாகத் தெரியத் தொடங்கும். அவ்வளவு கால்சியம் அதன் மேல் மொய்த்துக்கொள்ளும். அப்போது பாலிமருக்குத் தரகரே வேண்டாம், வீடே அழைக்கிறது. சிமெண்டில் கலக்கும் அனல்மின் நிலையச் சாம்பலும், கண்ணாடி போன்ற சிலிக்கா துகள்தானே, கால்சியம் போர்த்திக்கொண்ட பிறகே பாலிமருக்கு இடம் கொடுக்கிறது.

இது ஒரு பக்கம். மறுபக்கம், அதே கால்சியம் பாலிமரின் முதுகிலும் போய் உட்காருகிறது. முதுகின் எதிர்மின்னூட்டம் குறைகிறது, சங்கிலி சுருண்டுகொள்கிறது. பற்களே இல்லாத வெறும் பாலிஅக்ரிலேட்டை எடுத்துக் கால்சியம் மிகுந்த தண்ணீரில் போட்டால் அது திரிந்தே போய்விடும். கடினத் தண்ணீரில் சோப்புப் போட்டால் நுரைக்காமல் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக மிதக்குமே, அந்த மாதிரி. சீப்பின் பற்கள் இருப்பதற்கு இரண்டாவது காரணம் இது. துகள்களைத் தள்ளி வைப்பதோடு, தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மூலக்கூறு திரியாமலும் காப்பாற்றுகின்றன. ஜப்பான்காரர்களின் சாமர்த்தியம் என்று நான் நினைப்பது, கால்சியத்தைத் துரத்தாமல் அதோடு குடித்தனம் நடத்தத் தெரிந்த பாலிமரைச் செய்ததைத்தான்.

மூன்றாவது ஆள் ஒருவரும் இருக்கிறார். சிமெண்டு சட்டென்று இறுகிவிடாமல் இருக்க ஜிப்சம் சேர்த்து அரைக்கிறார்கள். அதிலிருந்து கால்சியத்தோடு சல்பேட்டும் கரைகிறது. சல்பேட்டும் எதிர்மின். நேர்மின்னாக இருக்கும் அலுமினேட் பரப்புகளில் பாலிமர் உட்கார வேண்டிய இருக்கையில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிடும். சல்பேட் அதிகமானால் பாலிமர் ஒட்டுவது குறையும். குறைந்தாலோ அலுமினேட் தறிகெட்டு வளர்ந்து பாலிமரை விழுங்கிவிடும். அதனால்தான் ஒரே அட்மிக்சர் ஒரு சிமெண்டோடு ஓடும், இன்னொரு சிமெண்டோடு அரைமணியில் இறுகிவிடும். இந்தப் பொருத்தம் பார்க்க மார்ஷ் கூம்பு என்று ஒரு புனல் சோதனை இருக்கிறது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் ரவீந்திர கெட்டுவும் அவருடைய மாணவர்களும் இதில் நிறைய வேலை செய்திருக்கிறார்கள். சிமெண்டுப் பாலைப் புனலில் ஊற்றி, எத்தனை நொடியில் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். அட்மிக்சரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் இறங்கும் நேரம் குறைவது நின்றுவிடும். அதற்கு மேல் ஊற்றுவது வீண்செலவு. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிற ஊரில் சிமெண்டுக்கும் அட்மிக்சருக்கும் பொருத்தம் பார்க்க ஆளில்லை என்பது எனக்கு எப்போதும் சிரிப்பாக இருக்கும்.

என் வீட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நாங்கள் பழைய வீட்டின் மேல் ஒரு சின்ன அறை எடுத்தோம். மொட்டைமாடித் தளத்துக்கு அந்தக் காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டுவார்கள், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். என் பாட்டி அந்த வேலை நடந்ததைக் கண்ணால் பார்த்தவள். “வெல்லத் தண்ணி ஊத்துடா, ஒரு சொட்டு ஒழுகாது” என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டாள். அவரும் பெரியம்மா சொல்கிறார்களே என்று சிமெண்டுக் கலவையில் ஊற்றிவிட்டார். நான் ஊரில் இல்லை. மறுநாள் கால் வைத்தால் கால் பதிந்தது. அடுத்த நாளும் அப்படியே. நான்காம் நாள் சொரண்டி எடுத்துவிட்டு மறுபடி போட்டோம். பாட்டி கடைசி வரை சிமெண்டைத்தான் திட்டினாள்.

பாட்டி சொன்னது தவறில்லை, சொன்ன இடம்தான் தவறு. சிமெண்டின் எடையில் 0.05 சதவீதம் சர்க்கரை போதும், இறுகுவது நான்கு மணி நேரம்போலத் தள்ளிப்போகும். 50 கிலோ மூட்டைக்கு அது வெறும் 25 கிராம், ஒரு கடலை உருண்டை அளவு. 0.2 சதவீதத்தைத் தாண்டி, ஒரு மூட்டைக்கு 100 கிராமுக்கு மேல் போனால் இறுகுவதே நின்றுபோகும் அபாயம். சர்க்கரை பாலிமர் இல்லை, சின்ன மூலக்கூறு. ஆனால் அதுவும் கால்சியத்தைப் பற்றிக்கொண்டு, புதிதாக முளைக்கும் படிகக் குருத்துகளின் மேல் படர்ந்து அவற்றை மூச்சுத்திணற வைத்துவிடுகிறது. சுண்ணாம்பு காற்றைக் குடித்து மெதுவாக மாதக்கணக்கில் கட்டும். அங்கே தாமதம் நல்லது, தட்டித் தட்டி இறுக்க நேரம் கிடைக்கும். சிமெண்டு தண்ணீரைக் குடித்து மணிக்கணக்கில் கட்டும். அங்கே தாமதம் நாசம். கரும்பும் வெல்லமும் ஏற்றிய லாரியில் சிமெண்டு மூட்டை ஏற்றும்போது நம் பக்கத்தில் ஒரு கண் வைத்துக்கொள்வது நல்லது. ரெடிமிக்ஸ் லாரி நடுவழியில் நின்றுவிட்டால் சர்க்கரை மூட்டையைப் பிரித்து டிரம்முக்குள் கொட்டுகிற டிரைவர்களும் உண்டு. அந்தக் கலவையை வீட்டுக்குப் போட முடியாது. டிரம் பிழைத்தால் போதும் என்று கொட்டுகிறார்கள்.

பழையது எல்லாம் விஞ்ஞானம் என்று ஒரு கூட்டம், பழையது எல்லாம் மூடத்தனம் என்று இன்னொரு கூட்டம். இரண்டும் பாட்டியின் தளத்தில் கால் வைத்துப் பார்க்கட்டும் என்பேன்.

கடைசியாக எம்-சாண்ட். ஆற்று மணல் கிடைக்காமல் போனபின் நம் பக்கம் பெரும்பாலும் கிரஷரில் உடைத்த மணல்தான். நல்ல கருங்கல்லை உடைத்து, கழுவி அனுப்பினால் அதில் ஒரு குறையும் இல்லை, இந்தியத் தர விதி 383-இன் 2016 திருத்தத்திலேயே அதற்கு இடமிருக்கிறது. பிரச்சினை, பாறைக்கு மேலே இருக்கும் இற்றுப்போன கல்லையும் மண்ணையும் சரியாக ஒதுக்காமல் சேர்த்து உடைக்கும்போது வருகிறது. மணலோடு களிமண் வந்துவிடும்.

அந்தக் களிமண் கரிசல் மண்ணில் இருக்கிற வகை என்றால் தலைவலி பெரிது. அது தாள் தாளாக அடுக்கிய மண். தண்ணீர் பட்டால் தாள்கள் விலகி உப்பும். சிமெண்டுத் தண்ணீரில் உள்ள கால்சியம் தாளின் முகத்தை மூடிக்கொள்ளும், அதில் பாலிமரின் முதுகு போய் ஒட்டும். இது போதாதென்று, பாலிமரின் பற்கள் தாள்களுக்கு நடுவே நுழைந்துகொள்ளும். ஜெர்மனியின் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யோஹான் பிளாங்க் குழு எக்ஸ்-கதிர் கொண்டு அளந்து பார்த்தது. தாள்களின் இடைவெளி 1.23 நானோமீட்டரிலிருந்து 1.77-க்கு விரிந்திருந்தது. அந்தப் பாலிமர் இனி சிமெண்டுக்குக் கிடைக்காது. பழைய நாப்தலின் வகைக்குப் பற்கள் இல்லாததால் களிமண்ணிடம் இவ்வளவு அடி வாங்குவதில்லை. புதியதுதான் எப்போதும் மேல் என்று சொல்வதற்கில்லை.

தளத்தில் இது எப்படித் தெரியும்? காலையில் ஓடிய கலவை மதியம் வந்த மணல் லாரிக்குப் பிறகு ஓடாது. மேஸ்திரி சும்மா இருப்பாரா, “இன்னொரு குடம் ஊத்து” என்பார். ஓடும். உறுதி போய்விடும். மணலில் வந்த களிமண்ணுக்குத் தளம் தண்டம் கட்டுகிறது.

முறையாகச் சோதிக்க மெத்திலின் ப்ளூ என்ற நீலச் சாயம் இருக்கிறது. அது நேர்மின் சாயம், களிமண்ணில் ஒட்டும், கல்தூளில் அவ்வளவாக ஒட்டாது. எவ்வளவு சாயத்தைக் குடித்தது என்று பார்த்தால் களிமண்ணின் அளவும் குணமும் தெரிந்துவிடும். பெரிய வேலை செய்கிறவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். வீடு கட்டுகிறவர்களால் முடியாது. அவர்கள் செய்வது பாட்டில் சோதனை. மணலைப் பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்து, மேலே படியும் வண்டலின் உயரத்தை அளப்பது. ஆற்று மணலுக்கு அது சரி. எம்-சாண்டுக்கு அது பாதிதான் சரி. அதில் கல்தூள் எப்படியும் இருக்கும், அதுவும் மேலே படியும். கல்தூள் பெரிய துரோகி இல்லை, களிமண்தான்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதற்குக் காசு ஆகாது. அடுத்த முறை வாசலில் மணல் லாரி வந்து நிற்கும்போது, கொட்டச் சொல்வதற்கு முன்னால் இரண்டு தண்ணீர் பாட்டிலை எடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு மணல், மூன்றில் ஒரு பங்கு. ஒன்றில் உங்கள் வீட்டுப் போர் தண்ணீர். மற்றதில் மழைத் தண்ணீர் இருந்தால் மழைத் தண்ணீர், இல்லாவிட்டால் கடையில் வாங்கும் கேன் தண்ணீர். இரண்டையும் நன்றாகக் குலுக்கிவிட்டு, ஆடாத இடத்தில் ராத்திரி முழுக்க வையுங்கள். கல்தூள் இரண்டிலும் விடிவதற்குள் உட்கார்ந்துவிடும். களிமண் இருந்தால் போர் தண்ணீர் பாட்டில் தெளிந்து உங்களை ஏமாற்றும், அதிலுள்ள கால்சியம் மண்ணைச் சேர்த்துப் பிடித்துப் படியவைத்துவிடும். கேன் தண்ணீர் பாட்டில் மட்டும் விடிந்த பிறகும் பால் கலந்த மாதிரி நிற்கும். இது சான்றிதழ் ஆகாது, ஆனால் சந்தேகப்படப் போதுமானது. அப்படி நின்றால் கழுவிய மணல் அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். லாரிக்காரர் ஒரு ராத்திரி காத்திருக்க மாட்டார் என்பீர்கள். கிரஷருக்குப் போய் ஒரு பை மணலை முதல் நாளே வாங்கிவந்துவிடுங்கள்.